வாசித்து முடியும் வரை

போன ஜூலை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், என் அம்மா தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தார். தோளில் கொழுந்துச் சாக்கு இருந்தது. கீழே கிடந்த பாறையில் இடுப்பு மோதிவிட்டது. கூட வேலை செய்த பெண்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் படுதாவில் கிடத்தி, நான்கு முனையையும் பிடித்துத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டப்பனையில் வேலையில் இருந்த எனக்கு அப்பா போன் செய்தார்.

"அம்மா விழுந்துட்டா, ஷைனி. வலது கால் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடக்கு."

அது போதும். தொடை எலும்பு இடுப்புப் பக்கத்தில் முறிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் என் வேலை.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, எங்களை உங்களுக்குத் தெரியாது. ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறோம். அப்பா தேவராஜ் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அம்மா அன்னபாக்கியம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்து எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. மலை இறங்கி, ஓடை தாண்டி, ஈரச் சேலையோடு போய் நிற்பார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எலும்புக்குள் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். எக்ஸ்ரே படத்தை நானே பார்த்தேன். டாக்டர் மலையாளி. "எலும்பு தாங்கும். நாளை முதலே வாக்கர் பிடிச்சு நிக்கட்டே. மோள் பிசியோ அல்லே, பின்னெ எந்தினா பேடி?" என்று சிரித்தார். மகளே பிசியோவாக இருக்கும்போது என்ன பயம் என்றார். எனக்கும் அப்போது பயம் இல்லை.

பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நான் எதையும் வரிசைப்படுத்திச் செய்து பழகியவள். அம்மாவுக்கும் வரிசை வைத்திருந்தேன். முதலில் கணுக்காலை அசைப்பது. பிறகு முழங்காலை அழுத்துவது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்காருவது, நிற்பது, நடப்பது. படுத்துக்கொண்டு செய்வதையெல்லாம் அம்மா செய்தார். கால் தரையைத் தொட வேண்டிய இடம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. பாதம் தரையில் பட்டதுமே உடம்பு முழுவதும் நடுங்கும். என் தோளைப் பிடித்த கை நகம் பதியும். "விட்டுராத, விட்டுராத. என்னப் படுக்க வச்சுரு" என்பார். எலும்பு தாங்கும் என்று எத்தனை முறை சொல்லியும், விழுந்த உடம்பு அதை நம்பவில்லை. படுக்கவைத்துவிடுவேன்.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சில் சளி கட்டும். காலில் ரத்தம் உறையும். முதுகில் புண் வரும். இருக்கும் தசையும் கரைந்துவிடும். ஆபரேஷன் வெற்றி, ஆனால் ஆள் எழுந்திருக்கவே இல்லை என்று எத்தனையோ குடும்பங்கள் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கின்றன. ஆகஸ்ட் பிறந்ததும் அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது. இருமல் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கை வேலையை விட்டுவிடும்.

பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அத்தைதான் பகலில் அம்மாவுக்குத் துணை. சொந்தம் இல்லை, சொந்தத்துக்கும் மேல். அம்மாவை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவார். மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் முதல் ஆளாக நிற்பார்.

"மைனி, நீ இப்படியே கிடந்தா உன் தேயிலை நிரையெல்லாம் நான் எடுத்துக்கிடுவேன், பாத்துக்க."

"எடுத்துக்க. அதுல கிடக்குற ரத்தம் குடிக்கிற அட்டையையும் சேத்து எடுத்துக்க" என்பார் அம்மா.

அத்தை சிரித்துவிட்டு அம்மாவிடம் என்னைக் காட்டுவார். "ஊருல உள்ள கிழவன் கிழவியெல்லாம் நடக்க வைக்கா உன் மக. பெத்தவளுக்கு மட்டும் கட்டில் போட்டுக் குடுத்திருக்கா." கேலிதான். ஆனால் எனக்குள் போய்க் குத்தும்.

இன்னொன்று என்னை அதைவிடவும் கலங்கவைத்தது. எங்கள் சபையில் கொரோனா காலத்தில் ஆராதனையைப் போனில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தார்கள். வர முடியாதவர்களுக்காக இன்றைக்கும் அது நடக்கிறது. எங்கள் வீட்டில் ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஜன்னல் அம்மாவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் இருந்தது. நான் ஒரு ஸ்டாண்டை ஜன்னல் கம்பியில் முடுக்கி, படுத்தபடியே தெரியும் உயரத்தில் போனை வைத்தேன். கழுத்துக்கு இரண்டு தலையணை. வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் ஒரு துணி. எல்லாம் சரியாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்ததும் அம்மா கால்களை மடக்கப் பார்த்தார். வலியில் முகம் சுருங்கியது. நான் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து நீட்டிவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம், "தலை வலிக்கு, போன அமத்திரு" என்றார். அதற்கடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தார். தூங்கவில்லை. இமை ஆடிக்கொண்டிருந்தது.

போதகர் ஐயா திருவிருந்து கொடுப்பதற்காக மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். சின்ன மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து வைத்தார். அம்மா கையைக் கூப்பினார்.

"இப்ப வேண்டாங்கய்யா. எந்திரிச்சதுக்கு அப்புறம் வாங்கிக்கிடுதேன்."

"எப்பம்மா எந்திரிப்பீங்க?" என்று ஐயா மெதுவாகக் கேட்டார். அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை. ஐயா ஜெபித்துவிட்டு, துணியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் குடை பிடித்தபோது, "கட்டாயப்படுத்தாத ஷைனி. அவங்களுக்குள்ள என்னமோ இருக்கு" என்றார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அம்மாவுக்கு ஆண்டவர்மேல் கோபம். இத்தனை வருஷம் உம் முன்னால் வந்து நின்றேனே, என்னை ஏன் விழவைத்தீர் என்ற கோபம். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் மழைக்காக எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. நான் வழக்கம்போல வரிசையாக ஜெபிக்க ஆரம்பித்தேன். சளி இளக வேண்டும். முதுகு புண்ணாகக் கூடாது. கால் தரையில் ஊன்ற வேண்டும். அப்பா ஃபேக்டரிக்குப் போகும் குட்டிக்கானம் ரோட்டில் மண் சரிந்தாலும் அவர் பத்திரமாக இருக்க வேண்டும். பாதியில் எனக்கே நான் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல இருந்தது. நிறுத்திவிட்டேன். பிறகு இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, அம்மாவை எழுப்பும். எனக்கு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது."

படித்த படிப்பை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. சொன்ன பிறகு அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மச்சி ஒருவர் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பதில் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தது. நான் எதிர்பார்த்த ஆள் மூலமாக வரவில்லை.

ஆராதனை போனில் ஓடிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி அத்தை அவித்த கப்பைக் கிழங்கோடு உள்ளே வந்தார். அம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தார். அத்தை வாசலிலேயே நின்று போனைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

"ஏன் மைனி, சாமி கும்புடுற எடத்துக்கு நேரா ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டுக் கிடக்க? எங்க கோயில்னா பூசாரி கம்பெடுத்திருப்பான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா உடைந்துபோய் அழுதார். விழுந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை.

"இத நான் யார்ட்டச் சொல்ல? இந்தப் பிள்ள ஆசையா முடுக்கி வச்சிருக்கா. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்று திக்கினார். "பலிபீடம் என் காலுக்கு நேரா இருக்கு. ஐயா வேதத்தத் திறக்காரு, என் பாதம் அவரு மூஞ்சியில இருக்கு. மடக்கலாம்னா மடங்க மாட்டேங்கு. திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

நான் கட்டிலின் தலைமாட்டில் போய்க் குனிந்து பார்த்தேன். அம்மாவின் கண் இருந்த இடத்திலிருந்து பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது. போர்வைக்குள் மேடாக இரண்டு பாதங்கள். அவற்றுக்கு நடுவே எங்கள் சபையின் சிலுவை. உயரத்தையும் வெளிச்சத்தையும் சரிபார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"அப்ப ஐயா கொண்டுவந்த திருவிருந்து?"

"பெட்பேன் வைக்கிற கட்டில்லயா? அந்தக் கோலத்துலயா அவர் பந்திக்குப் போவேன்?"

"ஆண்டவர் மனசத்தானம்மா பாக்காரு. நோயாளிக்கு என்ன குத்தம்?" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குத்தம்னு யாருட்டி சொன்னா? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது எனக்குத் தெரியும். எஸ்டேட் துரை ஜீப்பு வந்தா இத்தன வருஷமும் எந்திரிச்சு நின்னேன். அது பயத்துக்கு. இவருக்கு எந்திரிக்கிறது ஆசைக்கு. அந்த ஆசையையும் இந்தக் காலு பிடுங்கிட்டுதேன்னுதான் கிடக்கேன்."

அவருக்கு ஆண்டவர்மேல் கோபமே இல்லை. இத்தனை வாரமும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது மரியாதையினால்.

போனை இடம் மாற்றலாம் என்றால் சிக்னல் இல்லை. அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஜன்னலத் திருப்ப முடியாது. கட்டிலத் திருப்புவோம்" என்றார். லயத்து வீட்டு அறை எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலில் அலமாரியை வெளியே எடுத்தோம். பிறகு அப்பா ஒரு பக்கம், நானும் அத்தையும் ஒரு பக்கம், அம்மாவைக் கட்டிலோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினோம்.

"மைனிக்குத் தேரோட்டம்" என்றார் அத்தை.

"வாய மூடுட்டி. சுவர்ல இடிக்கப் போறே" என்றார் அம்மா. அழுகையோடு சிரித்தார்.

இப்போது தலைமாடு ஜன்னல் பக்கம் வந்துவிட்டது. படுத்துக்கொண்டு போனைப் பார்க்க முடியாது. கட்டில் ஓரத்தில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, உடம்பைத் திருப்பினால்தான் பார்க்க முடியும். நான் அதை முன்னாலேயே யோசித்துச் செய்யவில்லை. திருப்பி முடித்த பிறகுதான் கவனித்தேன். நான் ஒரு மாதமாகக் கெஞ்சிக் கேட்டது அதுதான்.

"என்ன உக்கார வை" என்றார் அம்மா.

அந்த வாரம் முழுக்க அவர் என்னை விடவில்லை. வேலையிலிருந்து வந்து குடையை மடக்குவதற்குள், "இன்னைக்கு என்ன செய்யணும், சொல்லு" என்பார். "நிக்கிறதுக்கு எந்தத் தசைட்டி வேணும்? அதுக்கு மட்டும் சொல்லு. மத்தது பொறவு பாப்போம்." கால் நடுங்கியது. ஆனால் படுக்க வை என்று கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்து எழ இரண்டு மூன்று தடவை பார்த்தார், முடியவில்லை. "ஞாயித்துக்கெழமை பாத்துக்கிடலாம்" என்றார், யாரிடமோ பேசி வைத்ததுபோல.

செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தலை குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் வாக்கர். பெட்பேனை அப்பா வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் அம்மாவின் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

சுவிசேஷ வாசிப்பு வந்தது. எல்லோரும் எழுந்து நிற்போம் என்றார் ஐயா.

அம்மா வாக்கரைப் பிடித்தார். மூச்சை இழுத்தார். எழுந்தார்.

முதலில் பாரம் முழுவதும் கையில்தான் இருந்தது. தோள் ஏறியிருந்தது. வலது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஒரு நிமிஷம் நின்றால் போதும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐயா வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு வசனம் போயிருக்கும். படம் அப்படியே நின்றுவிட்டது. ஐயா வாய் பாதி திறந்தபடி, கையில் வேதத்தோடு அசையாமல் நின்றார். அவர் முகத்துக்கு மேல் ஒரு வட்டம் சுற்றியது.

"நெட் போச்சும்மா. உக்காரு" என்றேன்.

"வாசிச்சு முடிக்கலையே."

"வந்ததும் எந்திரிச்சுக்கிடலாம்."

"வேதம் திறந்து இருக்கு. ஐயா நிக்காரு. நான் எப்படி உக்கார?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார், பேசாதே என்று. அவரும் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே மழை. தகரத்தில் விழும் சத்தம் மட்டும்தான் இருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் தொழில். கை சோர்ந்தபோது பாரம் எங்கே போகிறது என்று பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. வலது பாதம் முழுதாகத் தரையில் படிந்தது. குதிகால், பிறகு விரல்கள். தொடைத் தசை இறுகியது. நடுக்கம் ஓய்ந்தது. ஆபரேஷன் செய்த காலில் அம்மா நின்றார். அது அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் போனில் இருந்தது.

நான் பட்டையைப் பிடித்த கையைத் தளர்த்தினேன். அவர் சாயவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. எதையும் அளந்து குறித்துவைக்கும் நான் அன்றைக்கு அளக்கவில்லை. பிறகு ஐயாவின் கை அசைந்தது. குரல் வந்தது. கடைசி வசனம் வந்தது. சபையார் துதி சொன்னார்கள். அம்மாவும் சொன்னார். அதன் பிறகுதான், "இப்ப உக்காரலாம்" என்றார்.

நெட் போனதற்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

எழுந்து நின்ற பிறகு மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. உட்காரவும் நிற்கவும் ஆரம்பித்ததும் சளி இளகியது. செப்டம்பர் முடிவதற்குள் வாசல்வரை நடந்தார். முத்துலட்சுமி அத்தை, "சரி, நிரையத் திருப்பித் தாரேன். அட்ட மட்டும் எனக்கு" என்றார்.

நவம்பரில் ஜீப் பிடித்து எங்கள் சபைக் கோயிலுக்குப் போனோம். திருவிருந்து நேரத்தில் அம்மா வாக்கரோடு பலிபீடத்துக்கு முன்னால் போனார். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். அம்மா மட்டும் நின்றபடி ஐயாவிடம் தாழ்ந்த குரலில், "முழங்கால் இன்னும் முழுசா மடங்கலய்யா" என்றார்.

"அவர் குனிஞ்சு வருவாரும்மா" என்றார் ஐயா.

அம்மா இரண்டு கையையும் நீட்டினார். வாக்கரை விட்டுவிட்டார். பின்னால் நின்ற எனக்கு உயிரே போனது. அவர் உறுதியாக நின்றார்.

பிரியமானவர்களே, ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் விசுவாசிகள் உண்டு. ஜெபித்தும் எழாதவர்கள் உண்டு. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவிடம் இதைப்பற்றிக் கேட்டேன். "எந்திரிக்க முடியாதவங்க கண்ணத் திறந்து பாத்தாலே எந்திரிச்ச மாதிரிதான். முடிஞ்சவங்க உக்காந்துக்கிட்டு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

நான் எழுந்து நிற்க முடிந்தவள். அதனால் சில காரியங்களை மாற்றிக்கொண்டேன். பஸ்ஸில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அதே போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டே பிரசங்கம் கேட்பதை விட்டுவிட்டேன். போன் பாவம் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தேவவார்த்தையைக் கொண்டுவந்ததே போன்தான். ஆனால் அதில் வருகிறவர் யார் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது ஜெபத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். கேட்க வேண்டியதை வரிசைப்படுத்துவது அதற்குப் பிறகுதான். வரிசை முன்னைவிடச் சின்னதாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கிடந்தால், ஆண்டவரை விட்டுவிட்டார்கள் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அவர்கள் தலைமாட்டில் குனிந்து, அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த வழியெல்லாம் முடிந்துபோனால், முடிந்துபோயிற்று என்று அவரிடமே சொல்லுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.

அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். எழுந்து நிற்க மட்டும் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் சுவிசேஷ வாசிப்புக்கு முந்தின பாட்டு முடிவதற்குள்ளேயே தடியை ஊன்ற ஆரம்பித்துவிடுவார். அவரைத் தனியாக நிற்கவிடக் கூடாது என்று பக்கத்தில் இருப்பவர்களும் எழுந்தார்கள். பிறகு பின் வரிசை எழுந்தது. இப்போது பாட்டு ஓயும்போது பெண்கள் பக்கம் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறது. ஐயா அதைப் பார்த்துவிட்டு, எழுந்து நிற்போம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி ஆள் நிமிரும்வரை காத்திருக்கிறார். அந்த அமைதியில் அம்மாவின் தடி தரையில் ஊன்றும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வாசிப்பு தொடங்கும்.